கையில நகம் இல்லையா? வண்டியில் அதிகாரத்தை ஒட்டிக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய பைக் வாங்கினேன். என்ஜின் நன்றாக இருந்தது, டயர் பரவாயில்லை, விலையும் கட்டுப்படியானது. முன் மட்கார்டில் மட்டும் சிவப்பும் நீலமுமாகச் சாய்ந்த பட்டையில் 'போலீஸ்' என்று ஒரு ஸ்டிக்கர். விற்றவர் போலீஸ் இல்லை, அவருடைய மச்சான் ஏட்டு. "இருக்கட்டும் தம்பி, கிழிச்சிடாதீங்க. ஒரு நேரம் இல்லாட்டி ஒரு நேரம் உதவும்" என்றார், ஏதோ ஹெல்மெட்டைச் சும்மா சேர்த்துக் கொடுப்பவர் மாதிரி.

நான் கிழிக்கவில்லை. அடுத்த மூன்று வாரம் ஊரே வேறு மாதிரி நடந்துகொண்டது. சிக்னலில் நின்ற காவலர் என்னைத் தாண்டிப் பார்த்து, பக்கத்து வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். நோ பார்க்கிங்கில் நின்ற பைக்குகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போன வண்டி என்னுடையதை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. ஒருநாள் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றவனை "சார், நீங்க முன்னால வாங்க" என்று கூப்பிட்டார்கள். நானும் போனேன். அப்படிப் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான்காவது வாரத்தில் ஒரு எஸ்.ஐ. கை காட்டி நிறுத்தினார். லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் கேட்கவில்லை. "எந்த ஸ்டேஷன்?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்ல சார், பழைய வண்டி. வாங்கும்போதே இருந்தது" என்றேன்.

"வாங்கி எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு வாரம் சார்."

"மூணு வாரமா கையில நகம் இல்லையா?"

500 ரூபாய் சலான் போட்டுவிட்டு, அங்கேயே சுரண்டச் சொன்னார். மத்தியான வெயிலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, 'போ' என்ற எழுத்தை உரித்து முடிப்பதற்குள் விரல் நுனி எரிந்தது. மீதியை வீட்டுக்குப் போய் எடுப்பதாகச் சொல்லித் தப்பித்தேன்.

இந்தக் கட்டுரை போலி அடையாள அட்டை அச்சடிக்கும் ஆட்களுக்காக எழுதப்பட்டதல்ல. அவர்களுக்கு எல்லாம் தெரியும். என்னைப் போல, "யாரோ ஒட்டினாங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்காக. சித்தப்பா கோர்ட்டில் இருக்கிறார், அக்கா மின்வாரியத்தில் இருக்கிறாள், மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார் என்பதால் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஏறிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான், அதற்குத்தான் பல வேஷம்: வேலைக்குக் கொடுத்த அடையாளத்தை ஆளுக்கும் வண்டிக்கும் சொந்தமாக்கிக்கொள்வது.

வேலை ஒருவருக்கு, ஸ்டிக்கர் வீட்டுக்கே

ஒரு வீட்டில் ஒருவர் காவல்துறையில் இருப்பார். அவருடைய பைக்கில் ஒன்று, மனைவியின் ஸ்கூட்டியில் ஒன்று, கல்லூரிக்குப் போகும் பையனின் வண்டியில் ஒன்று என மூன்று ஸ்டிக்கர் இருக்கும். ஹெல்மெட் மட்டும் மூவருக்கும் சேர்த்து ஒன்று. பையனிடம் கேட்டால் "அப்பா வண்டி அங்கிள்" என்பான். அப்பாவின் வண்டியாகவே இருந்தாலும், அதில் அப்பா இல்லையே.

இதில் அந்த அப்பாவையே ஒரு விஷயம் கேட்கத் தோன்றுகிறது. பணி முடிந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, காய்கறி வாங்கப் போகும்போது உங்கள் சொந்த வண்டியில் அந்தப் பட்டை எதற்கு? "அவசரத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டியிருக்கும்" என்பார்கள். சரி, அதற்குத்தான் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறது. அட்டையில் போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது. அதை ஆள் இல்லாமல் யாரும் காட்ட முடியாது. ஸ்டிக்கர் அப்படியில்லை, அது யார் ஓட்டினாலும் ஒரே மாதிரி பேசும். வண்டி திருடு போனால் திருடனுக்கும் சேர்த்துப் பேசும்.

மருத்துவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுராத்திரியில் பிரசவத்துக்குக் கிளம்பும் டாக்டரை வழியில் நிறுத்திவைக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் அந்தச் சிவப்புக் கூட்டல் குறி ஒட்டிய காரில், கல்யாண மண்டபத்து வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே பந்தியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உண்மையான அவசரத்தின் மதிப்பைக் கெடுப்பது அந்தப் பந்திதான்.

"ஸ்டிக்கருக்கெல்லாம் சட்டமா?"

உண்டு. சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தனியார் வாகனங்களில் போலீஸ், பிரஸ், தலைமைச் செயலகம், மின்வாரியம், மாநகராட்சி, ராணுவம் என்றெல்லாம் ஒட்டியிருப்பதை மே 1-ஆம் தேதிக்குள் எடுத்துவிட வேண்டும், மே 2 முதல் அபராதம் என்றார்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரே பரபரப்பு. சாலையோரத்தில் காவலர்கள் தங்கள் சக காவலர்களின் வண்டியிலேயே உரித்தார்கள். மருத்துவர்கள் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போனது. அப்புறம் சூடு ஆறியது. இப்போது எந்தச் சிக்னலில் நின்று பார்த்தாலும் பத்து நிமிடத்தில் குறைந்தது இரண்டு கண்ணில் படும். அதற்காகச் சட்டம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

நம்பர் பிளேட்டில் தொடங்குவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 50-ஆம் விதி நம்பர் பிளேட்டைப் பற்றியது. அதில் பதிவு எண்ணைத் தவிர வேறு பெயர், படம், வேலைப்பாடு எதுவும் இருக்கக் கூடாது. எண்ணுக்கு மேலே சின்னதாகத் துறையின் பெயர், கீழே கட்சிப் பொறுப்பு, ஓரத்தில் சாதித் தலைவரின் படம் எல்லாமே தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். பெரிய தொகை இல்லைதான். அதனால்தான் பலர் சலானைக் கட்டிவிட்டு ஸ்டிக்கரோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆனால் இந்த 500 ரூபாயெல்லாம் வாயைத் திறக்காத வரைக்கும்தான். "எந்த ஸ்டேஷன்?" என்ற கேள்விக்கு நான் அன்றைக்கு, "டிபார்ட்மென்ட்தான் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே இரண்டு பிரிவுகள் உண்டு. தான் இன்ன அரசு ஊழியர் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டு, அந்தப் பதவியின் பேரில் ஏதாவது செய்தாலோ செய்ய முயன்றாலோ 204-ஆம் பிரிவு. அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதமும் உண்டு. அரசு ஊழியரின் சீருடையையோ அடையாளத்தையோ போன்ற ஒன்றை, பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிந்தாலோ வைத்திருந்தாலோ 205-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே இரண்டாவது குற்றத்துக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் இருந்தது.

ஆக, மாட்டிக்கொண்டால் செய்யக் கூடாத முதல் காரியம் பொய் சொல்வது. "தப்புத்தான் சார், எடுத்துடறேன்" என்பதோடு முடியும் விஷயத்தை, வீராப்பில் வழக்காக மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

'அ' என்ற ஒரே ஒரு எழுத்து

தமிழ்நாட்டில் அரசு வாகனங்களின் பதிவு எண்ணில் 'ஜி' வரிசை வரும். முகப்பில் 'அ' என்றும் எழுதியிருப்பார்கள், அரசு என்பதன் சுருக்கம். சொந்தக் காரில் இந்த 'அ'வையோ 'ஜி'யையோ ஒட்டுவது, அரசு ஊழியர்களிலேயே சிலர் செய்யும் தவறு. "நான் அரசு ஊழியர்தானே?" என்று கேட்பார்கள். நீங்கள் அரசு ஊழியர். உங்கள் கார் அரசு ஊழியர் இல்லை. அதற்கு நீங்கள் தவணை கட்டுகிறீர்கள், உங்கள் பெயரில் ஆர்.சி. இருக்கிறது. ஓட்டுநரின் தொழிலைப் பொறுத்து வண்டி இனம் மாறாது.

இதே வகையில் இன்னொன்று உண்டு, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அலுவலகங்கள் வாடகைக்கு எடுக்கும் டாக்ஸிகளில் 'அரசுப் பணி' என்று ஒரு போர்டு வைப்பார்கள். பகலில் அதிகாரியை ஏற்றிக்கொண்டு போகும்போது அது சரி. சாயங்காலம் ஐந்தரைக்கு அதிகாரியை வீட்டில் இறக்கிவிட்ட பிறகும் போர்டு கண்ணாடியிலேயே கிடக்கும். ராத்திரி அதே வண்டி ஏர்போர்ட் சவாரி போகும். டிரைவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பணி முடியும்போது போர்டை வாங்கி மேஜையில் பூட்டிவைக்க வேண்டியது அலுவலகம். தேர்தல் நேரத்தில் ஒட்டிய அனுமதிச் சீட்டு, 2020 ஊரடங்கின்போது ஒட்டிய 'அத்தியாவசியப் பணி' ஸ்டிக்கர் எல்லாம் இப்படித்தான். காலம் முடிந்தும் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊரடங்கு ஸ்டிக்கரை மூன்று வருடம் கழித்தும் ஒரு வண்டியில் பார்த்தேன், எழுத்தெல்லாம் வெளுத்துப் போய், இன்னும் பத்திரமாக.

நான்கு சிங்கமும் கோபுரமும்

ஸ்டிக்கர்களிலேயே ஆபத்தானது இதுதான். சாரநாத் அசோகத் தூணின் சிங்கத் தலை நம் அரசுச் சின்னம். அதற்குத் தனிச் சட்டமே உண்டு, 2005-இல் வந்தது. யார் எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு 2007-இல் விதிகள் வந்தன. எந்தெந்தப் பதவியில் இருப்பவரின் காரில் அது இருக்கலாம் என்று விதிகளிலேயே பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் ஒட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. முன்னாள் அமைச்சர்கள், முன்னாள் எம்.பி.க்கள், முன்னாள் எம்.எல்.ஏ.க்கள், முன்னாள் நீதிபதிகள், ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகள் என்று பெயர் சொல்லியே, உரிய அனுமதி இல்லாமல் இவர்களும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எழுதியவருக்கு நம் ஊர் போர்டுகளின் லட்சணம் தெரிந்திருக்கும் போல. 'முன்னாள்' என்பது எறும்பு அளவில், 'எம்.எல்.ஏ.' என்பது யானை அளவில் எழுதிய போர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்திலும் சிங்கத் தலை இருக்கிறது. கீழே 'வாய்மையே வெல்லும்' என்ற வாசகமும் இருக்கிறது. அதைப் பொய்யாக ஒட்டிக்கொண்டு ஒன்வேயில் எதிரே வரும் காரைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

'மனித உரிமை' என்று தொடங்கும் பெயர்ப்பலகைகளும் இந்த இனம்தான். மனித உரிமை ஆணையம் என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசு அமைப்பு. அதே மாதிரி பெயரும், தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம் போலத் தெரியும் ஒரு படமும், 'மாநிலத் துணைச் செயலாளர்' என்ற பதவியும் போட்டுக்கொண்டு ஓடும் தனியார் சங்கத்து வண்டிக்குச் சாலையில் எந்த அதிகாரமும் கிடையாது. சந்தா கட்டிக் கார்டு வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பல பேர் ஏமாந்துதான் ஒட்டியிருக்கிறார்கள்.

தேசியக் கொடியும் அப்படியே. காரின் முன்னால் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் எனச் சிலருக்கு மட்டும் கொடி நெறிமுறையில் கொடுக்கப்பட்டது. நாட்டுப்பற்று இருக்கிறவர்கள் வீட்டில் ஏற்றலாம், தாராளமாக.

சுழல் விளக்கு போன இடம்

சிவப்பு விளக்குக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைத் தலையில் வைத்த வண்டி வந்தால் தெருவே ஒதுங்கும். 2013 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், உயர்ந்த அரசமைப்புப் பதவியில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் சிவப்பு விளக்கு வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அதையும் தாண்டிப் போய், யாருக்குமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர் கார்களிலும் கிடையாது. அவசர ஊர்திகளுக்கு மட்டும்தான் இப்போது விளக்கு.

மேலே இருந்த விளக்கு போனதும், அது கீழே முகப்புக் கிரில்லுக்குள் புகுந்துகொண்டது. சிவப்பும் நீலமுமாகப் படபடவென்று வெட்டும் எல்.ஈ.டி. பட்டைகள் கார் அக்சசரிஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக ரோட்டில் போட அனுமதி இருப்பதாக நினைப்பது அடுத்த தவறு. பல குரலில் அலறும் ஹார்னுக்கும் சைரனுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற வண்டிகளுக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. மற்றவர்கள் அடித்தால் அபராதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிஜ ஆம்புலன்ஸுக்கே சலுகை சும்மா கிடைப்பதில்லை. 2017-இல் வந்த வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், அவசர ஊர்தி சிவப்பு சிக்னலைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், ஒன்வேயில் எதிரே வரலாம் என்று சொல்கிறது. ஆனால் உண்மையான அவசரம் இருக்க வேண்டும், சைரனும் விளக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதும் கவனமாக ஓட்ட வேண்டும். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் ஆம்புலன்ஸ் எல்லா வண்டிகளையும் போல சிக்னலில் நிற்க வேண்டியதுதான். பெரும்பாலும் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உயிரைச் சுமக்கும் வண்டிக்கே இப்படி என்றால், மாவட்டத் துணைச் செயலாளரின் வண்டிக்கு என்ன அவசரம்?

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஈ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழிவிட்ட கையோடு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கும் புத்திசாலிகளுக்கும் ஒழுங்குமுறையில் இடம் உண்டு: வேகமாகப் போகும் அவசர ஊர்திக்கும் நமக்கும் நடுவே 50 மீட்டராவது இருக்க வேண்டும்.

டோல்கேட்டில் நடக்கும் வாக்குவாதம்

சுங்கச்சாவடியில் யாருக்கு விலக்கு என்பது 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் இருக்கிறது. அதை ஒரு தடவை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பத்திரிகையாளர் இல்லை. வழக்கறிஞர் இல்லை. கட்சிப் பொறுப்பாளர் இல்லவே இல்லை. எம்.எல்.ஏ.க்கு உண்டு, ஆனால் அவருடைய மாநிலத்துக்குள், சட்டமன்றம் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டினால். போலீஸுக்கு உண்டு, ஆனால் பணிக்காக, சீருடையில் போனால். குடும்பத்தோடு திருப்பதிக்கு மொட்டை போடப் போகும் இன்ஸ்பெக்டர் வேட்டியில் இருந்தால் கட்டணம் கட்ட வேண்டியதுதான். பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, வீர் சக்ரா போன்ற வீர விருது பெற்றவர்களுக்கும் உண்டு, புகைப்பட அட்டையோடு.

விதியின் வாசகத்தையும் கவனியுங்கள். இன்னாரின் வண்டிக்கு என்று அது பேசவில்லை, இன்னாரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு என்கிறது. எம்.எல்.ஏ. வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அவருடைய மைத்துனர் காரை எடுத்துக்கொண்டு போனால் அது சாதாரண கார். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு இந்தச் சண்டை பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி, கண்ணாடியை இறக்கி "வண்டியப் பார்த்தா தெரியலையா?" என்று கேட்பதில் நடக்கிறது. அங்கே நிற்பவர் மாதச் சம்பளத்துக்கு வெயிலில் நிற்கும் பையன். அவனுக்கு எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஒரு வெள்ளை அம்பாசடர்

"ஒரு ஸ்டிக்கர்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு தேதியைச் சொல்வேன். 2001 டிசம்பர் 13. அன்று காலை டெல்லியில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் ஒரு வெள்ளை அம்பாசடர் நுழைந்தது. மேலே சுழல் விளக்கு, கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் ஸ்டிக்கர். உள்ளே ஆயுதங்களோடு ஐந்து பேர். ஸ்டிக்கர் போலி. உள்ளே போன வண்டி குடியரசுத் துணைத் தலைவரின் காரில் மோதிய பிறகுதான் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. பாதுகாப்புப் படையினர், நாடாளுமன்ற ஊழியர், தோட்டக்காரர் என்று ஒன்பது உயிர்கள் போயின.

அந்த ஐந்து பேரும் கண்டுபிடித்த தந்திரம் ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளைக் காரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தத் தயக்கத்தைக் காவலர்களிடம் வளர்த்துவிட்டது தீவிரவாதிகள் இல்லை. கேள்வி கேட்டதற்காகத் திட்டு வாங்கிய, இடமாற்றம் வாங்கிய பழைய நாட்கள்தான் வளர்த்தன.

நம்முடைய சிக்னலில் நிற்கும் கான்ஸ்டபிளும் அதே கணக்கைத்தான் போடுகிறார். ஸ்டிக்கர் ஒட்டிய காரை மறித்தால் உள்ளே யார் இருப்பார்களோ, எங்கிருந்து போன் வருமோ. எதற்கு வம்பு, விடு. அப்புறம் அன்றைய கணக்குக்கு வழக்குப் போட வேண்டுமே? பின்னால் வரும் கட்டடத் தொழிலாளியின் பைக் நிற்கிறது.

ஸ்டிக்கர் இல்லாத ஸ்டிக்கர்கள்

கொஞ்சம் விவரமானவர்கள் எதையும் ஒட்ட மாட்டார்கள். பின்கண்ணாடிக்குக் கீழே காக்கித் தொப்பி ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். முன்கண்ணாடியில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும், மாலை மாதிரி. வக்கீலின் வெள்ளைக் கழுத்துப் பட்டை இன்னொரு காரில். டேஷ்போர்டில் லத்தி. இந்தப் பட்டியலில் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளலாம்: 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்புப் பிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது, ஆனாலும் "உள்ளே யாரோ பெரிய ஆள்" என்று காட்ட அதைவிட மலிவான வழி இல்லை.

எதுவும் எழுதாததால் அபராதம் வராது என்பது இவர்கள் கணக்கு. பிலிமுக்கு வரும். தொப்பிக்கு நேரடியாக வராமல் போகலாம், ஆனால் தொப்பி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது மேலே சொன்ன 205-ஆம் பிரிவு ஞாபகம் இருக்கட்டும்.

நிறுத்தப்பட்ட பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். "நான் யார் தெரியுமா?" என்பது பழசு. இப்போதைய வழக்கம், போனைக் காதில் வைத்துக்கொண்டே "ஒரு நிமிஷம், அண்ணன் பேசணும்ங்கறார்" என்று காவலரிடம் நீட்டுவது. அவர் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டப்படி கேட்டதைச் செய்ய மறுத்தாலோ பணியைத் தடுத்தாலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில் 2,000 ரூபாய் சலான் தனியாக ஏறும். இன்னொன்றும் இருக்கிறது. இப்போது நிறையச் சலான் கேமராவிலிருந்து வருகிறது. கேமரா நம்பர் பிளேட்டை மட்டும் படிக்கும், அண்ணனிடம் பேசாது. சலான் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரின் போனுக்கு வரும். மச்சானின் ஸ்டிக்கரை நம்பி சிக்னல் தாண்டியவர்களுக்கு வரும் சலான், மச்சானுக்குப் போவதில்லை.

வண்டி கை மாறும்போது

எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க இதைச் சொல்கிறேன். வண்டியை விற்கிறவர் ஸ்டிக்கரை எடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். விற்றதை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவரும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பெயர் உங்களுடையதாகவும் ஸ்டிக்கர் உங்கள் துறையுடையதாகவும் இருக்க, வண்டி யாரோ ஒருவரிடம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால், நாளைக்கு ஏதாவது நடக்கும்போது முதல் போன் உங்களுக்குத்தான். பணியிட மாற்றமோ ஓய்வோ வந்தால், வளாகத்துக்குள் வண்டி நுழையக் கொடுத்த பாஸையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நினைவுக்காக வைத்துக்கொள்ள வேறு பொருட்கள் இருக்கின்றன.

உரிப்பதற்கு வழி சொல்கிறேன். நகம் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், அல்லது முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டின் முனையால் ஓரத்தைத் தூக்கி, மெதுவாகப் படுக்கைவாட்டில் இழுத்தால் முழுசாக வரும். ஒட்டியிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் தேய்த்தால் போதும். தின்னர் பக்கம் போகாதீர்கள், பெயின்ட் போய்விடும்.

எல்லாம் செய்தாலும் ஒன்று மட்டும் போகாது. பல வருடம் வெயில் பட்ட பெயின்ட் சுற்றிலும் வெளுத்திருக்கும், ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாக இருக்கும். என் மட்கார்டில் சாய்வான வெளிச்சத்தில் இப்போதும் 'லீஸ்' என்று மங்கலாகத் தெரிகிறது. 'போ' மட்டும் இல்லை, அந்த இடத்தில் நகக் கீறல். போன மாதம் டீக்கடையில் ஒருவர் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார்.

"இல்லண்ணே, நான் கூரியர் ஆபீஸ்ல இருக்கேன்" என்றேன். திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.